மண்டோர் காட்டிய மூன்று விரல்

போன மாதம் முழங்கால் வலிக்கு மருந்து வாங்க, நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே கிளினிக்குக்குப் போயிருந்தேன். முகப்பில் இருந்த இளம் மிஸ்ஸி என் கையில் ஒரு டேப்லட்டைத் திணித்து, கேள்விகளுக்குப் பதில் தட்டச் சொன்னாள். எங்கள் ஊரில் நர்ஸுக்கு மிஸ்ஸி என்றுதான் பெயர். பேரன் எடுத்தாலும் மிஸ்ஸிதான். பார்த்தால் மனப்பதற்றக் கேள்விகள். பல வருஷமாக நான் மற்றவர்களைக் கேட்டவை. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்றதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தானாகவே டேப்லட்டை வாங்கிப் படித்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் பதிலையும் அவரே தட்ட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் திரையில் ஒரு மஞ்சள் முகம் சிரித்தது. எனக்குப் பதற்றம் இல்லையாம். அந்தப் பெரியவருக்கு இல்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்தாள். "உங்க காலத்துல எப்படி ஆன்ட்டி செஞ்சீங்க?" என்று கேட்டாள். எனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் முறைத்துக்கொண்டு நின்றதால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் கோலா கிளாவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகள். படித்தேன், நர்ஸ் பயிற்சிக்குப் போனேன், ஊசி போட்டேன், பிரசவம் பார்த்தேன், திட்டு வாங்கினேன். முழுசாகச் சொல்ல அதில் வேறு ஒன்றும் இல்லை. வேலைக்காலத்தின் கடைசிப் பகுதியில் என்னைச் செண்டாயான் பக்கத்துக் கிளினிக்கில் மனநலப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஊசி போடத் தெரிந்தவளைக் கேள்வி கேட்க அனுப்பினால் எப்படி இருக்கும்? எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. அந்த வேலையில் அதுதான் முக்கியம்.

எனக்கு மேலே இருந்தவர் சிஸ்டர் ஹலீமா. ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் எந்நேரமும் ஒரு பிஸ்கட் டின். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நாம் தப்புச் செய்தால் டின்னைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, நம்மைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மென்று முடிப்பார். அதற்குப் பிறகு மலாயில், "சரி, மறுபடியும் ஒரு தடவை" என்பார். இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

கேள்வித்தாளைக் கொடுக்கும் முறையை அவர் எனக்கு வாரக்கணக்கில் கற்றுக் கொடுத்தார். போன இரண்டு வாரத்தில் எப்படி இருந்தீர்கள் என்றுதான் கேட்க வேண்டும். போன வருஷக் கதைக்கு இடமில்லை. பதில்கள் நாலு: பூஜ்யம் என்றால் இல்லவே இல்லை, ஒன்று என்றால் சில நாள், இரண்டு என்றால் பாதி நாளுக்கு மேல், மூன்று என்றால் அநேகமாகத் தினமும். படிக்கத் தெரியாதவருக்கு நாம் படிக்கலாம், ஆனால் எல்லாக் கேள்வியையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில். கேள்வியை நம் இஷ்டத்துக்கு விளக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது. அடடா என்று சொல்லக் கூடாது. பதிலை மற்றவர் பார்க்கக் கூடாது. கூட்டி வரும் எண் டாக்டருக்கு ஒரு கைகாட்டி மட்டும். அதை வைத்து ஆளுக்குப் பெயர் சூட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பவள் முகம் கல்லாக இருக்க வேண்டும். சிஸ்டர் நோயாளியாக நடித்து, தூக்கமே வரவில்லை என்று சொல்லிக் கண்ணைக் கசக்குவார். நான் "ஐயோ பாவம்" என்பேன். பிஸ்கட் டின் திறக்கும்.

வெளியே வந்த நிஜ ஆட்கள் சிஸ்டரைவிட மோசம். கணவனைக் கேட்டால் மனைவி பதில் சொல்வாள். மனைவியைக் கேட்டால் மாமியார் சொல்வாள். இதை நிரப்பினால் அரசாங்க உதவி கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட, ஒரு வாரம் முழுக்க எல்லோருக்கும் எல்லாமே தினமும் நடந்தது. ஒரு அண்ணன் தன் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "பரவால்ல மிஸ்ஸி, ஸ்கூல்ல கூட நான் இவ்வளவு மார்க் எடுத்ததில்ல" என்று சந்தோஷமாகப் போனார். அவரை டாக்டர் அறைக்குத் திருப்பி அழைத்து வர நான் பார்க்கிங் வரை ஓட வேண்டியிருந்தது.

இந்த நிலைமையில்தான் பக்கத்தில் இருந்த, எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உடல்நலச் சோதனை வைத்தோம். பாதித் தோட்டம் அதற்குள் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. மிச்சப் பாதியில் நம் ஆட்கள் மருந்தடித்துக்கொண்டும், உரம் போட்டுக்கொண்டும், உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டும் இருந்தார்கள். மேனேஜர் வேலை நேரத்தில் ஆட்களை விட முடியாது என்றார். பெரட்டில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தித் தலை எண்ணி, யார் எந்தக் காட்டுக்கு, அதாவது தோட்டத்தின் எந்தப் பகுதிக்கு, போவது என்று பிரித்துக் கொடுப்பது. ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு பென்சில், நான் முன்னால் நின்று சத்தமாகப் படிப்பது என்று சிஸ்டர் முடிவு செய்தார். பக்கத்து ஆள் தாளைப் பார்க்காதபடி கைநீளம் தள்ளி நிற்க வைக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பெரட்டை நடத்துபவர் மண்டோர் சின்னையா. எங்கள் தோட்டங்களில் மேஸ்திரிக்கு மண்டோர் என்று பெயர். இவர் பெயரை மாற்றி எழுதட்டுமா என்று போன வாரம் போனில் கேட்டேன். மாற்றினால் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆள் வாட்டசாட்டம், மீசை ஒரு சாண். ஆனால் பெரட்டில் அவர் பேசிக் கேட்டவர் இல்லை. டிராக்டர் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும் இடத்தில் யார் பேசினாலும் கேட்காது. அதனால் எல்லாமே விரல்தான். இரண்டு விரல் காட்டினால் இரண்டாம் நம்பர் காடு, மூன்று விரல் என்றால் மூன்றாம் நம்பர். கையை மூடிக் காட்டினால் மழை, வேலை இல்லை, எல்லோரும் திரும்பிப் போகலாம். வருஷக்கணக்கான பழக்கம். எதற்கு, ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

டிராக்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் ஒரு பலகைப் பெட்டிமேல் ஏறி நின்றேன். சின்னையா தன் வழக்கமான இடத்தில், எனக்குப் பின்னால் இருந்த திண்டின்மேல் நின்றார். அவரிடமும் ஒரு தாளை நீட்டினேன். "எனக்கு எதுக்கு மிஸ்ஸி, நீங்க படிங்க, நான் மனசுக்குள்ளயே சொல்லிக்கிறேன்" என்றார். சரி என்று கேள்விகளைப் படித்தேன். நெஞ்சு படபடப்பு. தூக்கம் வராமல் புரள்வது. தூரமாகப் போகப் பயம். ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற நினைப்பு. ஒரே குரல், ஒரே வேகம், முகம் கல். ஒவ்வொரு கேள்விக்கும் ஆட்கள் தலையை உயர்த்தி, என் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்து, பிறகு குனிந்து எழுதினார்கள். இவ்வளவு ஆழமாக யோசித்துப் பதில் எழுதும் ஜனங்களை நான் பார்த்ததே இல்லை. சிஸ்டரிடம் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கிளினிக்கில் உட்கார்ந்து கூட்டினேன். முதல் தாள், கடுமையான பதற்றம். இரண்டாவது, கடுமையான பதற்றம். பத்தாவது தாளில் எனக்கே படபடப்பு வந்துவிட்டது. ஒரு தோட்டமே நடுங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் டாக்டர் சின்ன வயசு, நல்ல பிள்ளை; தண்ணீரில் ஏதாவது கலந்திருக்குமோ, பூச்சிமருந்து விஷமோ என்று எல்லா இடத்துக்கும் போன் போடக் கிளம்பினார். சிஸ்டர் அவரை உட்காரச் சொன்னார். தாள்களை மேசைமேல் சீட்டுக்கட்டுபோல் வரிசையாகப் பரப்பினார். டின்னைத் திறந்தார். அந்த மத்தியானம் ஒன்றுக்கு இரண்டாகப் பிஸ்கட் தீர்ந்தது.

எல்லாத் தாளிலும் ஒரே பதில். நெஞ்சு படபடப்புக்கு எல்லோரும் மூன்று. கோபத்துக்கு எல்லோரும் ஒன்று. தூரப் பயணப் பயத்துக்கு எல்லோரும் மூன்று. காப்பியடித்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன். அப்படியானால் முதலில் எழுதியவர் யார் என்று சிஸ்டர் கேட்டார்.  அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது ஒரு தோட்டத்தோட பதற்றம் இல்ல. இவ்வளவு தெளிவா ஒரு ஆளுதான் பதில் சொல்லியிருக்காங்க. அந்த ஆளுக்கு நம்ம உதவி வேணும். போய்த் தேடு" என்றார்.

மறுநாள் பார்வதியக்காவிடம் போனேன். மருந்தடிக்கும் கூட்டத்தில் மூத்தவர். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குத் தனியாகப் பஸ் ஏறிப் பத்துமலைக்குப் போய்வருகிற மனுஷி. அவர் தாளிலும் தூரப் பயணத்துக்கு மூன்று. ஏன் அக்கா மூன்று போட்டீர்கள் என்று கேட்டேன்.

"மண்டோரு மூணு காட்டினாரு, போட்டேன்" என்றார் அக்கா.

"உங்களுக்குப் பயமா அக்கா?"

"எனக்கென்னா பயம்? உங்க பின்னால நின்னு ஒவ்வொண்ணுக்கும் வெரல் காட்டிக்கிட்டே இருந்தாரே, நீங்க பாக்கலியா?"

நான் எப்படிப் பார்ப்பேன்? முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த சிஸ்டர், முதுகைப் பற்றி ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன் என்ற மனுஷனுக்குப் பெரட்டில் மனசும் விரலும் ஒன்றுதான். தனக்குத்தானே சொன்ன பதிலை அவர் கை தூக்கிக் காட்டியிருக்கிறது. மொத்தக் கூட்டமும் அதை உத்தரவாக எடுத்து எழுதியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. லயத்து வரிசைவீட்டு வாசலில் பார்வதியக்கா வீட்டுப் பூச்சட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகுதான் அந்த மூன்றெல்லாம் யாருடையவை என்பது உறைத்தது.

சின்னையாவைத் தனியாகப் பார்க்கத் தோட்டத்தில் இடம் கிடையாது. கடைசியில் ஆயாக்கொட்டகைதான் காலியாக இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற இடம். அன்று லீவு. அந்தப் பெரிய உடம்பை ஒரு குட்டி நாற்காலியில் இறக்கி உட்கார்ந்தார். தலைக்குமேல் தொட்டில் துணி தொங்கியது. முறைப்படி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தேன். நெஞ்சு படபடப்பு? இல்லவே இல்லை என்றார். தூக்கம்? படுத்தால் கட்டைதான் என்றார். எல்லாவற்றுக்கும் வாய் பூஜ்யம் சொன்னது. முழங்கால்மேல் கிடந்த வலது கை மூன்று, மூன்று, இரண்டு, மூன்று என்று காட்டிக்கொண்டே இருந்தது. அவருக்கே அது தெரியவில்லை.

"மண்டோர், உங்க வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுது. நான் எதை எழுதறது?" என்றேன்.

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். 

"கையையே எழுதுங்க மிஸ்ஸி" என்றார்.

அதற்குப் பிறகு கொட்டினார். அவர் தம்பி லோரி ஓட்டியவர். வடக்கே போகும் நெடுஞ்சாலையில், தாப்பாவுக்குப் பக்கத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டியவர் அப்படியே போய்விட்டார். அதிலிருந்து சின்னையாவுக்குத் தன் நெஞ்சின்மேல் நம்பிக்கை இல்லை. ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாத எந்தச் சாலைக்கும் போவதில்லை. சிரம்பானுக்குப் போய் மூன்று வருஷமாகிறது. தோட்டத்துக்குள் அவர்தான் ராஜா, கேட்டைத் தாண்டினால் வேர்வை ஊற்றும். இது அவர் மனைவி செல்லம்மாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தவர் யாருமில்லை, இப்போது நானும், அறியாமலே அவர் பதிலை எழுதிய ஒரு பெரட்டும்தான்.

இதில் மாட்டிக்கொண்டது அவர் மகள் கவிதா. சுங்கை காடுட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை. சுங்கைப்பட்டாணியிலிருந்து நல்ல வரன் வந்திருந்தது; பெண்ணுக்கும் பிடித்திருந்தது. கல்யாணம் மாப்பிள்ளை ஊரில்தான். அங்கே போக அதே நெடுஞ்சாலையில் தாப்பாவைத் தாண்ட வேண்டும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, சின்னையா மாப்பிள்ளைமேல் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தார். காது பெரிசு என்றார். ரொம்ப மரியாதையாகப் பேசுகிறான், நம்ப முடியாது என்றார். அடுத்த மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் கவிதா அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

"மகளுக்கு என்மேல கோவம். அதுவும் நியாயந்தான்" என்று சொல்லித் தொட்டில் துணியை இழுத்து முகத்தைத் துடைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்முகமெல்லாம் அன்றோடு போயிற்று. சிஸ்டர் அங்கே இருந்திருந்தால் ஒரு டின் பிஸ்கட் காலியாகியிருக்கும்.

டாக்டர் இருதயத்தை எல்லா விதத்திலும் சோதித்து, நெஞ்சு நன்றாக இருக்கிறது, இது பதற்றம், சரி செய்யலாம் என்றார். நன்றாகத்தான் இருக்கிறதா என்று சின்னையா மூன்று தடவை கேட்டார். டாக்டர் கொஞ்சம் மருந்து எழுதினார். மூச்சுப் பயிற்சி வேண்டும், பயப்படும் தூரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழக வேண்டும், வாரா வாரம் எங்களிடம் வர வேண்டும் என்றார். சின்னையா மருந்தை வாங்கிக்கொண்டார். வரமாட்டேன் என்றார். மனநலம் என்று போட்ட கதவுக்கு வெளியே அவர் மோட்டார் சைக்கிளைப் பார்த்தால் சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். மண்டோரே பயந்தாங்கொள்ளி என்றால் நாளைக்குப் பெரட்டில் யார் நிற்பார்கள் என்று கேட்டார்.

நான் சிஸ்டரிடம் போய்ப் புலம்பினேன். அவர் அந்தத் தாள்களையெல்லாம் கட்டி, செல்லாது என்று சிவப்பு மையில் எழுதினார். ஒரு பிஸ்கட்டை என்னிடம் நீட்டினார். அவர் டின்னிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பிஸ்கட் அது. தாள் செல்லாதுதான், ஆனால் பெரட்டில் எல்லோருக்கும் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லையே என்றார். மருந்தடிக்கிறவர்களுக்கு மூச்சு நல்லதுதானே என்றும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து பெரட்டில் வகுப்பு. டிராக்டரை ஒவ்வொரு நாளும் நிறுத்த முடியாது, அந்தச் சத்தத்தில் நான் எண்ணுவது கேட்காது என்பதால் மண்டோரையே முன்னால் நின்று விரலால் எண்ணிக் காட்டச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, இழு. பிறகு நிறுத்து. பிறகு மெதுவாக விடு. அவர் விரலைப் பார்த்து அத்தனை பேரும் ஒரே மூச்சாக இழுத்து ஒரே மூச்சாக விட்டார்கள். பார்வதியக்காவுக்கு அதில் தூக்கம் வந்தது. மேனேஜர் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, வேலைநிறுத்தத்துக்கு ஒத்திகையோ என்று பதறி, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியை அனுப்பி விசாரித்தார். தோட்டம் முழுக்கப் பயிற்சி செய்ததில் யாருக்கு அது தேவை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

தூரம்தான் கஷ்டம். செல்லம்மாவிடம் எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். அந்த அம்மா திட்டவில்லை, தலையில் மட்டும் ஒரு குட்டு வைத்தார். முதலில் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சுங்கை காடுட் வரை. அங்கே ஃபேக்டரி வாசலில், வேலை முடிந்து வந்த மகள் முன்னால் போய் நின்றார். வழியெல்லாம் வேர்த்து, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கவிதா அப்பாவைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், அம்மா சொல்லத் தொடங்கியதைக் கேட்டாள். அழுதாள். பிறகு பஸ்ஸில் சிரம்பான். பிறகு மலைச்சாலையில் வளைந்து வளைந்து என் ஊரான கோலா கிளாவாங். அதற்கு நானும் கூடப் போனேன். ஏற்றத்தில் போனில் சிக்னல் போனதும் மூன்று விரல் காட்டினார். அப்படியே உட்கார்ந்திருக்கச் சொன்னேன். மூச்சை எண்ணினோம். ஊருக்குள் நுழையும்போது இரண்டு. மார்க்கெட்டில் ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸ் வந்ததும் ஒன்று. அன்று சாயங்காலமே மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டு, காது பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நாள் குறித்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்குத் தோட்டமே ஒரு பஸ்ஸில் கிளம்பியது. சிஸ்டரும் டின்னோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். தாப்பா நெருங்கும்போது சின்னையா முகம் சாம்பலாகிவிட்டது. ஓய்விடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். கீழே இறங்கிச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பிப் போய்விடலாம் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் கையைத் தூக்கி ஒன்று என்று காட்டினார். அவ்வளவுதான், பஸ்ஸிலிருந்து கூட்டம் முழுக்க இறங்கி, பட்டுச்சேலையும் ஜிப்பாவுமாக வரிசையில் நின்று மூச்சிழுத்தது. தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஏதோ புது மதம் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். சின்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கோயில் மண்டபத்தில் மேடைமேல் அவர், மகளுக்குப் பக்கத்தில். கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடினார். கண்டதும் தலைகளுக்கு மேலே கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார்.  இவ்வளவு தூரம் வந்த பிறகு மேடையிலிருந்து இறங்கிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் இறங்கவில்லை. இன்னொரு கையால் மகள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து, பார்வதியக்கா தலைமையில், சாப்பாட்டுக் கூடத்தின் மூன்றாவது வரிசையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். தாலி இன்னும் கட்டவில்லை. "எங்கக்கா போறீங்க?" என்றேன். "மண்டோரு மூணு காட்டிட்டாரு லா" என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தார். மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

மேடைமேல் சின்னையாவும் அதைப் பார்த்துவிட்டார். முதலில் மீசை ஆடியது. பிறகு தோள் ஆடியது. மகள் என்ன அப்பா என்று கேட்க, அவருக்குப் பதில் சொல்ல முடியாத அளவுக்குச் சிரிப்பு. அதே சிரிப்போடு கையை மறுபடியும் உயரத் தூக்கி, விரல்களை மூடிக் காட்டினார். போன கூட்டம் அப்படியே திரும்பி வந்து, அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தது.

மேளம் கொட்டியது. சிஸ்டர் ஹலீமா என் காதருகே குனிந்து, இதை எத்தனை என்று எழுதுவாய் என்று கேட்டார். நான் எழுதவில்லை. என் இரண்டு கையிலும் அட்சதை இருந்தது.